தேங்காய் எண்ணெய் கிருமியைக் கொல்லுமா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று நான்கு கேள்விகள், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். எட்டு மாதக் குழந்தைக்குக் கன்னத்திலும் கை மடிப்பிலும் கரப்பான், அதாவது எக்ஸிமா. பாட்டி தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார், தடவினால் கொஞ்சம் தேவலாம் போலவும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியோ, தேங்காய் எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலம்தான் தாய்ப்பாலிலும் இருக்கிறது, அது பாக்டீரியா, வைரஸ், காளான் எல்லாவற்றையும் கொல்லும், ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்கிறது. அதை நம்பி உங்கள் மைத்துனர் அந்த லாரிக் அமிலத்திலிருந்து செய்யும் மோனோலாரின் மாத்திரையும் வாங்கி வைத்துவிட்டார். கடைசி வரியில், போகிற போக்கில், குளிப்பாட்டும்போது மூக்கிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். லேப்பில் கிருமியைக் கொல்லும் ஒரு கொழுப்பு, நம் உடம்பின் மேலே தடவினாலும் உள்ளே விழுங்கினாலும் அதே வேலையைச் செய்யுமா என்பதுதான் இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஒரு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் லேப்பில் 26 வருடம் வேலை பார்த்தவன். சீழ், சளி, சிறுநீர் என்று வருவதையெல்லாம் கல்ச்சர் போட்டு, என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தோல் டாக்டரும் இல்லை, குழந்தை டாக்டரும் இல்லை. அதனால் கிருமி பற்றி நான் சொல்வதை நம்பலாம். உங்கள் குழந்தையின் தோலை நேரில் பார்த்த டாக்டர் சொல்வதை என் பேச்சுக்காகத் தள்ளிவிடாதீர்கள்.

பல வருடம் முன்பு இரண்டாம் வருட மாணவி ஒருத்தி இதே கேள்வியோடு வந்தாள். வீட்டிலிருந்து சின்ன டப்பாவில் செக்கு எண்ணெய், அதுவும் அவள் தாத்தா ஆட்டிய எண்ணெய், கொண்டுவந்திருந்தாள். சரி செய்து பார் என்றேன். கிருமி வளர்க்கும் ஜெல்லித் தட்டான அகார் பிளேட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியைப் பஞ்சுக்குச்சியால் பூசி (கொப்புளம், சீழ்க்கட்டி, கரப்பான் புண் எதை எடுத்தாலும் முதலில் நிற்கிற ஆள் இதுதான்), எண்ணெயில் தோய்த்த காகித வில்லையை நடுவில் வைத்து, 37 டிகிரியில் ஒரு ராத்திரி விட்டோம். காலையில் திறந்து பார்த்தால் வில்லையின் விளிம்பு வரைக்கும், இடைவெளியே இல்லாமல், வெளிர்மஞ்சள் நிறத்தில் பாய் விரித்த மாதிரி கிருமி வளர்ந்து கிடக்கிறது. அவளுக்கு அழாத குறை. நான் அவளிடம் சொன்னது, இதை வைத்து எண்ணெய்க்குச் சக்தி இல்லை என்று எழுதிவிடாதே, இந்தச் சோதனையே எண்ணெய்க்குப் பொருந்தாது என்று. அகார் என்பது பெரும்பாலும் தண்ணீர், எண்ணெய் அதற்குள் பரவாது, வில்லையை விட்டு நகராத பொருள் எங்கே போய்க் கிருமியைக் கொல்லும்? அதனால் அடுத்த வாரம் திரவக் குழாய்களில் செய்தோம். ஒன்றில் தேங்காய் எண்ணெயை நன்றாகக் குலுக்கிக் கலந்தது, ஒன்றில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்த மோனோலாரின், ஒன்றில் அதே அளவு வெறும் ஆல்கஹால். மறுநாள் எண்ணெய்க் குழாயும் ஆல்கஹால் குழாயும் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தன. மோனோலாரின் குழாய் மட்டும் தெளிவாக நின்றது.

விஷயத்தின் முடிச்சே இதுதான். எண்ணெய் அப்படியே இருக்கும்வரை கிருமிக்கு அது ஒரு பொருட்டே இல்லை; உடைந்தால்தான் கொல்லும். எந்த எண்ணெயை எடுத்தாலும் அதில் பெரும்பங்கு ட்ரைகிளிசரைடு, அதாவது கிளிசரால் என்ற ஒரு சின்ன முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமில வால்கள் ஒட்டியிருக்கும் அமைப்பு. மூன்று வாலும் ஒட்டியிருக்கும்போது அது முழுக்க எண்ணெய்த்தன்மை, தண்ணீரோடு ஒட்டும் முனையே கிடையாது. லைபேஸ் என்ற நொதி அதை வெட்டும்போது இரண்டு வால் கழன்று தனிக் கொழுப்பு அமிலம் ஆகிறது, மிச்சம் ஒற்றை வாலோடு நிற்பது மோனோகிளிசரைடு. இந்தத் துண்டுகளுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும், சோப்பு மாதிரி. கிருமியின் உறையும் கொழுப்பால் ஆனது என்பதால் இவை அதற்குள் ஆப்பு அடித்த மாதிரி சொருகிக்கொள்கின்றன, உறை ஓட்டையாகி உள்ளே இருப்பது கசிகிறது, ஆற்றல் தயாரிக்கும் வேலையும் நின்றுபோகிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாரா என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1972-இல் இதை வரிசையாகச் சோதித்து வெளியிட்டார்கள். நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களில் 12 கார்பன் நீளமுள்ள லாரிக் அமிலம்தான் வீரியம் அதிகம். அதன் மோனோகிளிசரைடான மோனோலாரின் அதைவிட அதிகம். இரண்டு வால், மூன்று வால் இருந்தால் வேலை செய்வதில்லை. ஏன் 12 என்றால், வால் அதைவிடக் குட்டையாக இருந்தால் தண்ணீரிலேயே நின்றுவிடும், உறைக்குள் சரியாகப் போகாது. ரொம்ப நீளமாக இருந்தால் தண்ணீரில் கரைந்து கிருமியிடம் போய்ச் சேராது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 45 முதல் 53 சதவீதம் வரை லாரிக் அமிலம். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது இல்லை என்றே சொல்லலாம். ஆக வாட்ஸ்அப் செய்தியின் வேர் பொய் இல்லை. கிளைதான் எங்கெங்கோ போய்விட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. நல்ல தரமான, புதிதாக ஆட்டிய தேங்காய் எண்ணெயில் தனியாக உடைந்து நிற்கும் கொழுப்பு அமிலம் அரை சதவீதம் கூட இருக்காது, இருக்கவும் கூடாது, அதுதான் தரத்துக்கே அளவுகோல். ஈரம் பட்டுச் சிக்கு வாடை அடிக்கிற எண்ணெயில்தான் அது அதிகம். கிருமியைக் கொல்லும் சரக்கு கெட்டுப்போன எண்ணெயில்தான் கூடுதல் என்று இதற்கு அர்த்தம் வருகிறது! அதற்காகச் சிக்கு எண்ணெயைத் தேடிப் போகாதீர்கள், அதில் எது எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, குழந்தைத் தோலை எரிக்கும். தேங்காய் எண்ணெயைக் காரம் போட்டுக் கொதிக்க வைத்தால் மூன்று வாலும் முழுசாகக் கழன்று வருவது வேறொன்றுமில்லை, சோப்பு.

"எல்லாக் கிருமியும்" என்பதும் தப்பு. பாக்டீரியாவைக் கிராம் என்ற சாயச் சோதனையை வைத்துப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டாகப் பிரிப்போம். மேலே சொன்ன ஸ்டெஃபைலோகாக்கஸ், தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் வகை இதற்கு மடியும். இ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் வகைக்கு வெளியே இன்னொரு உறை உண்டு, அது இந்த ஆப்பை உள்ளே விடுவதில்லை. சிறுநீர்த் தொற்றிலும், ஆறாத சர்க்கரைப் புண்ணிலும், ஆஸ்பத்திரியில் தொற்றுகிற நோய்களிலும் நாங்கள் அடிக்கடி பார்க்கிற ஆட்கள் இவர்கள்தான். வைரஸிலும் அப்படியே: மேலே கொழுப்பு உறை போர்த்தியிருக்கும் ஃப்ளூ, ஹெர்பெஸ், எச்.ஐ.வி. போன்றவை சோதனைக் குழாயில் செயலிழக்கும், உறையே இல்லாத போலியோ போன்றவற்றிடம் இது பலிக்காது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஹால்டோர் தோர்மார் குழுவினர் 1987-இல் இந்த உறையுள்ள வைரஸ் பரிசோதனையை வெளியிட்டபோதே, அதே கொழுப்புகள் வளர்ப்புத் தட்டில் இருந்த செல்களையும் கொல்கின்றன என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். பகிர்கிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். இன்னொன்று, "கிருமி இதற்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்ளவே முடியாது" என்ற வரியையும் நம்பாதீர்கள். ஆன்டிபயாடிக் அளவுக்கு வேகமாக வளர்ப்பதில்லை என்பது நியாயமான பேச்சு. ஆனால் நம் தோலோடு காலங்காலமாகக் குடித்தனம் நடத்தும் ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு இந்த ஆயுதம் புதிதில்லை. கொழுப்பு அமிலத்தை வெளியே தள்ளும் பம்ப்பும் வைத்திருக்கிறது, அதை வேறு பொருளோடு பிணைத்து முனை மழுங்கச் செய்யும் நொதியும் வைத்திருக்கிறது.

காளான் விஷயத்தில் கதை தலைகீழாகக் கூடப் போகும். தலையில் பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா என்ற ஈஸ்ட்டை லேப்பில் வளர்க்க நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? கிருமி வளர்க்கும் சாதாரண ஊடகத்தில் அது வளராது. மேலே ஆலிவ் எண்ணெயை ஒரு படலமாக ஊற்றுவோம், அப்போதுதான் எழுந்திருக்கும். எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. நம் தோலின் எண்ணெயையும் அதே மாதிரி லைபேஸ் விட்டு உடைத்துத் தனக்கு வேண்டியதைத் தின்றுவிட்டு, வேண்டாத ஓலெயிக் அமிலத்தை விட்டுவைக்கிறது, சிலருக்கு அதுதான் அரிப்பையும் செதிலையும் கிளப்புகிறது. ஒருத்தனைக் கொல்லும் பொருள் இன்னொருத்தனுக்கு விருந்து.

இப்போது தாய்ப்பால். நீங்கள் பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், சில நாள் கழித்து அதில் சோப்பு வாடை அடிப்பதைக் கவனித்திருக்கலாம். கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது பாலிலேயே இருக்கும் லைபேஸ், பாலின் கொழுப்பை உடைத்து விட்ட கொழுப்பு அமிலத்தின் வாடை. புதிதாகப் பீய்ச்சிய பாலின் கொழுப்புக்குக் கிருமியைக் கொல்லும் குணம் கிடையாது; குழந்தையின் வயிற்றுக்குள் போய், அங்கே சுரக்கும் நொதியாலும் பாலோடு வந்த நொதியாலும் உடைந்த பிறகுதான் வருகிறது. 1983-இல் தாய்ப்பால் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தபோது முதலில் ஆச்சரியப்பட்டார்கள், பிறகு பார்த்தால் பித்த உப்பு பட்டதும் முழிக்கிற ஒரு லைபேஸ் பாலில் இருக்கிறது, அது விடுவிக்கும் கொழுப்பு அமிலம்தான் கொல்கிறது. குழந்தைக்கு உணவும் அதுவே, காவலும் அதுவே, அதுவும் தேவைப்படும் இடத்தில்தான் வாளை உருவுகிறது. தாய்ப்பாலில் லாரிக் அமிலம் இருப்பது உண்மை, அம்மா என்ன சாப்பிடுகிறார் என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஆனால் டப்பா பால் குடித்த குழந்தையின் வயிற்றிலும் செரிமானத்துக்குப் பின் இதே கிருமிக்கொல்லித்தன்மை வருகிறது என்று 1990-இல் ஓர் ஆய்வு காட்டியது, அதனால் தாய்ப்பாலின் பெருமையை முழுக்க இந்தக் கொழுப்பின் தலையில் கட்டவும் முடியாது. அதில் ஆன்டிபாடி உண்டு, லாக்டோஃபெரின் என்ற காவல் புரதம் உண்டு, இன்னும் எவ்வளவோ.

தோலும் இதே வித்தையைத்தான் செய்கிறது. நம் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் ட்ரைகிளிசரைடைச் சுரக்கின்றன. மயிர்க்காலில் வாழும் நல்ல கிருமிகள் அதை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்குகின்றன, அது வேறு கிருமிகள் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்கிறது. அதில் சேபியனிக் அமிலம் என்று ஒன்று, மனிதத் தோலில்தான் பிரதானமாக இருப்பதால் மனிதனின் அறிவியல் பெயரான ஹோமோ சேபியன்ஸ் என்பதிலிருந்து பெயர் வைத்தார்கள், ஸ்டெஃபைலோகாக்கஸை நன்றாகவே அடக்கும். கரப்பான் உள்ளவர்களின் தோலில் இந்த அமிலம் குறைவாக இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். ஸ்ஃபிங்கோசின் என்ற இன்னொரு தோல் கொழுப்பும் குறைவு. கரப்பான் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் குடியேறி உட்காருவதற்கு இது ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. இதோடு சேர்த்து ஒரு பழைய கதை. குழந்தைகளுக்குத் தலையில் வரும் ஒரு வகைப் படர்தாமரை (அதுவும் காளான் நோய்தான்), வயசுக்கு வந்ததும் தானாகவே மறைந்துவிடும், ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 1940-களில் சிகாகோவில் ஸ்டீபன் ராத்மன் என்ற தோல் மருத்துவரும் கூட்டாளிகளும் பெரியவர்களின் முடியிலிருந்தும் குழந்தைகளின் முடியிலிருந்தும் கொழுப்பைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். பெரியவர்கள் முடியின் கொழுப்பு அந்தக் காளானை அதிகம் தடுத்தது, அந்தத் தடுப்பு கொழுப்பு அமிலங்களிலிருந்து வந்தது. சலூன் தரையில் கூட்டித் தள்ளுகிற முடிக்குள் இப்படி ஒரு சமாசாரம்.

மாத்திரைக்கு வருவோம். மோனோலாரின் உணவில் சேர்க்கப் பாதுகாப்பானது என்று நெடுங்காலமாக அனுமதிக்கப்பட்ட பொருள்தான், ஐஸ்கிரீம் வகையறாக்களில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கக் கலக்கும் குழம்பாக்கிகளின் குடும்பம். கிருமியைக் கொல்லாமலேயே, ஸ்டெஃபைலோகாக்கஸ் விடுகிற நச்சை நிறுத்தும் குணமும் அதற்கு லேப்பில் தெரிகிறது, அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் விழுங்கினால் என்ன ஆகும்? குடலில் கொஞ்ச நேரம் அது மோனோலாரினாக இருக்கும், அந்தக் குடலுக்குள் ஏதாவது செய்யலாம். குடல் சுவரைத் தாண்டினால் உடம்பு அதைத் திரும்பவும் மூன்று வால் கட்டி ட்ரைகிளிசரைடாக்கி அனுப்பும், அல்லது லாரிக் அமிலமாக ஈரலுக்குப் போய் எரிந்துபோகும். தப்பித்துத் தனியாக ரத்தத்தில் நிற்கும் கொழுப்பு அமிலத்தை ஆல்புமின் என்ற புரதம் கவ்விக்கொள்ளும். லேப்பில் நாங்கள் அந்தத் தெளிவான குழாயில் கொஞ்சம் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிநீர், சேர்த்தாலே வீரியம் சரிந்துபோவதைப் பார்க்கலாம். கவ்வாமல் விட்டால் அது இன்னும் மோசம், ரத்தச் சிவப்பணுவின் உறையும் கொழுப்புதானே. அதனால் மாத்திரை விழுங்கி நெஞ்சுச்சளித் தொற்றையோ தோல் தொற்றையோ தீர்ப்பது எந்த வழியில் நடக்கும் என்று எனக்குப் புரியவில்லை, அப்படி நடந்ததாக ஒழுங்கான சோதனையையும் நான் பார்த்ததில்லை. பிலிப்பைன்ஸில் 2020-இல் கோவிட் அறிகுறி இருந்த 57 பேரில் பாதிப் பேருக்கு உணவோடு தேங்காய் எண்ணெய் கொடுத்து, அறிகுறிகள் சீக்கிரம் குறைந்தன என்றார்கள். 57 பேரை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. மோனோலாரினைப் புகழ்ந்த கபாராவே பின்னாளில் அதை மாத்திரையாக விற்கவும் செய்தார் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அதனால் அவருடைய 1972 முடிவு பொய்யாகிவிடாது, ஆனால் விளம்பர வாசகங்கள் எங்கிருந்து வந்தன என்பது புரியும். எட்டு மாதக் குழந்தைக்கு அந்த மாத்திரையைப் பொடி செய்து கொடுக்கலாமா என்று உங்கள் மைத்துனர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம்.

"எண்ணெயை உள்ளே செலுத்தி ஒரு தொற்றுநோயைத் தீர்க்க முடியுமா" என்பது இன்றைக்கு வாட்ஸ்அப்பில் பிறந்த ஆசை இல்லை. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு உலகமே இதை முயன்று பார்த்திருக்கிறது, தொழுநோய்க்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த மூத்த டெக்னீஷியன் ஒருவர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினார், அடியில் நெய் மாதிரி உறைந்த கொழுப்பு, லேபிள் மங்கிப்போயிருந்தது. மூடியைத் திறந்து முகரச் சொன்னார், முகர்ந்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீரடிமுத்து எண்ணெய். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் மரம், மலையாளத்தில் மரோட்டி என்பார்கள். அதன் வடகிழக்குச் சொந்தக்கார மரத்தின் எண்ணெயைத்தான் சால்மூக்ரா என்றார்கள். நம் நாட்டு வைத்தியத்தில் தொழுநோய்க்குப் பழங்காலத்திலிருந்தே இருந்ததை, 1854-இல் கல்கத்தாவில் இருந்த மௌவாட் என்ற மருத்துவர் மேலைநாட்டு மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தினார். அதன் கொழுப்பு அமிலங்களின் வால் நுனியில் ஐந்து கார்பன் வளையம் ஒன்று உண்டு, வேறு எண்ணெய்களில் பார்க்கக் கிடைக்காத அமைப்பு. குடித்தால் குமட்டும், நாலு நாள் குடிக்க முடியாது. ஊசியாகப் போட்டால் கொழகொழவென்று தோலுக்கடியில் கட்டி நின்று வலி உயிரை எடுக்கும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண், ஹவாயில் வேதியியல் படித்துக் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1915 வாக்கில், வயது 23. எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைக் கிளிசராலிலிருந்து பிரித்து ஆல்கஹாலோடு பிணைத்து எத்தில் எஸ்டர் என்ற வடிவமாக மாற்றினார், அது நீர்த்துப்போய் ஊசியில் ஏறியது, உடம்பும் ஏற்றுக்கொண்டது. 1916 கடைசி நாளில் இறந்துபோனார். அவர் கண்டதை வேறொருவர் தன் பெயரில் வெளியிட்டார், ஆலிஸ் பாலின் பெயர் திரும்பி வர ரொம்ப வருடம் ஆனது.

அந்த ஊசி 1940-கள் வரை தொழுநோய்க்குப் பிரதான மருந்து. வேலை செய்ததா? கிருமி மேல் அதற்கு விளைவு உண்டு என்பது லேப்பில் தெரிகிறது. சிலருக்குத் தேமல் மங்கியது, சிலர் தொழுநோய் இல்லத்திலிருந்து வீடு திரும்பினார்கள். ஆனால் தொழுநோயில் சில வகை தானாகவே அடங்கும், அன்றைக்கு மருந்து கொடுக்காத ஒரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை, அதனால் எவ்வளவு மருந்தால், எவ்வளவு தானாக என்று பிரிக்க வழியில்லை. 1941-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் இல்லத்தில் சல்ஃபோன் என்ற செயற்கை மருந்து வகை வந்ததும் எண்ணெயின் ஆட்டம் முடிந்தது, காரணம் வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. சொல்லப்போனால் அந்தக் குடும்பத்தின் டாப்சோனை மனிதர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்த்த இடங்களில் ஒன்று நம் செங்கல்பட்டு, அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் மருத்துவர் அதைக் கடலை எண்ணெயில் கலந்துதான் ஊசி போட்டார். எண்ணெய் மருந்தாக இருந்த நோயில், எண்ணெய் கடைசியில் மருந்தைச் சுமக்கும் வண்டியாகிவிட்டது.

மேலே தடவுவதில் கொழுப்பு அமிலம் ஜெயித்த கதையும் உண்டு, அதை விட்டால் நியாயமாகாது. ஆமணக்கு எண்ணெயை மிக அதிகச் சூட்டில் சிதைத்தால் அன்டிசிலனிக் அமிலம் என்ற 11 கார்பன் அமிலம் கிடைக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிப்பாய்களின் சேற்றுப்புண்ணுக்கு அதைப் பொடியாகவும் களிம்பாகவும் கொடுத்தார்கள், வெளிநாட்டு மருந்துக்கடைகளில் இன்றைக்கும் விற்கிறது. இதிலும் கவனியுங்கள், ஆமணக்கு எண்ணெயைத் தடவி அல்ல. உடைத்து, பிரித்து, அளந்து.

சரி, உங்கள் குழந்தையின் கரப்பானுக்குத் தேங்காய் எண்ணெய். இங்கே எனக்கே கொஞ்சம் சாதகமான அபிப்பிராயம்தான். பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 52 பெரியவர்களில் பாதிப் பேருக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெயும் மீதிப் பேருக்கு ஆலிவ் எண்ணெயும் நாலு வாரம் தடவி, 2008-இல் முடிவு வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெய்க் குழுவில் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் இருந்த 20 பேரில் ஒருவரிடம்தான் மிஞ்சியது, ஆலிவ் குழுவில் 12 பேரில் 6 பேரிடம். பிறகு 117 குழந்தைகளிடம் கனிம எண்ணெயோடு (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) ஒப்பிட்டு எட்டு வாரம் செய்த ஆய்விலும் தேங்காய் எண்ணெய் மேலாக வந்தது. என் மாணவியின் பிளேட்டில் ஒன்றும் செய்யாத எண்ணெய் தோலில் எப்படிச் செய்தது என்றால், தோலில் இருக்கும் லைபேஸ் அதை உடைத்திருக்கலாம் என்பது என் ஊகம், நியாயமான ஊகம், ஆனாலும் ஊகம். இன்னொரு பாதி பலன் கிருமியோடு சம்பந்தமே இல்லாததாக இருக்கலாம்: எண்ணெய் தோலின் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, விரிசல் மூடுகிறது, கிருமி நுழைய வழி குறைகிறது. டாக்காவில் 33 வாரத்துக்கு முன்பே பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் ஆஸ்பத்திரித் தொற்று 41 சதவீதம் குறைந்தது என்று 2005-இல் வந்தது. சூரியகாந்தியில் லாரிக் அமிலமே கிடையாது. இதே மாதிரி ஆய்வுகளைப் பல ஊர்களிலிருந்து சேர்த்துப் பார்த்த காக்ரேன் மீளாய்வு (மேலே சொன்ன டாக்டர் இல்லை, ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் ஓர் அமைப்பு) பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆகவே தடவுங்கள், தோல் உடையாத இடத்தில், குளித்துத் துடைத்த ஈரத்தோடு, மெல்லிசாக, வாடையில்லாத எண்ணெயை. டாக்டர் கொடுத்த களிம்பை நிறுத்திவிட்டு அல்ல. ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் குழந்தைத் தோலுக்கு வேண்டாம், அவை தோலின் தடுப்பைக் குலைக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கரப்பான் மேல் தேன் நிறத்தில் பக்குக் கட்டினாலோ, நீர் வடிந்தாலோ, திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அந்த நிலையில் வேண்டியது ஆன்டிபயாடிக்காகவோ ஹெர்பெஸ் மருந்தாகவோ இருக்கலாம், எண்ணெய் தடவிக் காத்திருக்கும் நேரம் அது இல்லை. கிருமி எதிர்ப்பு என்று சொல்லிப் பெரியவர்கள் யாராவது தினம் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடிக்க ஆரம்பித்திருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள், 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் மற்ற தாவர எண்ணெய்களைவிட அது ரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது. தோசைக்கு ஊற்றுவதை நான் சொல்லவில்லை.

அப்புறம் அந்த மூக்கு. இந்தப் பதிலில் "இருக்கலாம்", "தெரியவில்லை" என்று பல இடத்தில் இழுத்திருக்கிறேன், இதில் இழுக்கப்போவதில்லை. எண்ணெய் தொண்டையில் பட்டால் தண்ணீர் மாதிரி இருமல் வராது, சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிப் போகும், நுரையீரலில் தங்கி ஒரு வகை நிமோனியாவாக நிற்கும். விடாத இருமலோடு வந்த கைக்குழந்தையின் நுரையீரலைக் கழுவிய நீர் ஒரு முறை எங்கள் லேப்புக்கு வந்தது, கல்ச்சரில் ஒரு கிருமியும் வளரவில்லை, மூன்று நாள் வைத்துப் பார்த்தும் பிளேட் சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் ஸ்லைடில் கொழுப்புச் சாயம் போட்டுப் பார்த்தோம், செல்களுக்குள் சிவப்புச் சிவப்பாக எண்ணெய்த் துளிகள். வீட்டில் விசாரித்தபோது எண்ணெய்க் குளியலில் மூக்கில் விட்டது தெரிந்தது. பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், உடம்புக்குத் தடவட்டும், தலைக்கு வைக்கட்டும், மூக்கில் மட்டும் இன்றையிலிருந்து ஒரு சொட்டுக் கூட வேண்டாம்.